பச்சோந்திக்கு இருமத் தெரியாது

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலை. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஏதோ ஒரு வட்டம். குவார்ட்டர்ஸின் பின்பக்கம் முறிந்து கிடக்கும் முருங்கைக் கிளையை இழுத்துப் போடும்போது, இலையோடு இலையாக ஒரு பச்சோந்தியும் கூடவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டையைத் தேடுகிறார். பத்து வயதுப் பையன் குறுக்கே நின்று அதைக் காப்பாற்றிவிடுகிறான். ஷூ பெட்டியில் நாலு துளை போட்டு, கொஞ்சம் இலை பரப்பி, தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். வெட்டுக்கிளி பிடித்துப் போடுகிறான். அது தொடவில்லை. சின்ன மூடியில் தண்ணீர் வைக்கிறான். அதையும் தொடவில்லை.

ஐந்தாம் நாள் அது தலையை மேலே தூக்கி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது. பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொள்கிறது.

"ஆயா, இதுக்குச் சளி புடிச்சிருக்கு போல. மூச்சு விடறப்ப டிக் டிக்குனு சத்தம் வருது."

"மூக்குல துளி தைலம் தடவி விடுடா ராசா, சரியாயிடும்."

அப்பா தன் பங்குக்கு இங்க் ஃபில்லரில் தண்ணீர் எடுத்து, திறந்த வாய்க்குள் இரண்டு சொட்டு விடுகிறார். மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் அது அசையவில்லை.

அந்த வீட்டில் யாரிடமும் அன்புக்குக் குறைவில்லை. பையனின் கணிப்பும் சரிதான், அது சளிதான். ஆனால் பெட்டி, தைலம், தண்ணீர் மூன்றுமே அந்த உயிருக்கு எதிராக வேலை செய்தன. எப்படி என்பது பச்சோந்தியின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தால்தான் புரியும்.

நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் திரை உண்டு. அதன் பலத்தில்தான் இருமிச் சளியை வெளியே தள்ளுகிறோம். பச்சோந்திக்கு அந்தத் திரை கிடையாது. நம்மைப் போல இருமத் தெரியாது. அதன் நுரையீரல் ஒரு மெல்லிய பை மாதிரி. அந்தப் பையிலிருந்து விரல் விரலாகக் கிளைகள் வயிறு வரை நீண்டிருக்கும். மிரட்டினால் உடம்பை உப்பிக் காட்டுகிறதே, அது இந்தப் பைகளில் காற்றை நிரப்பித்தான். சளி கட்டினால் அந்த விரல்களின் அடிப்பகுதியில் போய்த் தேங்கிவிடும். கிணற்றில் விழுந்த வாளி மாதிரி, தானாக மேலே வராது. தலையை மேலே தூக்கி வாயைத் திறப்பது, மிச்சமிருக்கும் வழியில் கொஞ்சமாவது காற்றை இழுக்கத்தான்.

இன்னொரு சிக்கல், நோயை மறைக்கும் குணம். கிளையில் வாழும் பிராணி சோர்ந்து தெரிந்தால் காக்கையோ பருந்தோ கொத்திக்கொண்டு போய்விடும். அதனால் கடைசி வரை திடமாக இருப்பது போலவே காட்டிக்கொள்ளும். வாய் திறந்து மூச்சு வாங்குவது நம் கண்ணில் படும்போது, நோய் வந்து பல நாள் ஆகியிருக்கும்.

வாயைத் திறந்தாலே சளி என்றும் சொல்லிவிட முடியாது. வெயில் அதிகமானாலும் திறக்கும். கையில் எடுத்தால் கோபத்திலும் திறந்து சீறும். நிழலில், யாரும் தொடாத நேரத்திலும் வாய் திறந்தே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதட்டோரம் நூல் நூலாக எச்சில், மூக்கில் குமிழ், மூச்சோடு சொடுக்குச் சத்தம், பகலில் மூடிய கண், இரை எடுக்காமை, எந்நேரமும் கறுத்தோ வெளுத்தோ கிடக்கும் தோல் என்று இவற்றில் இரண்டு சேர்ந்தாலே கவலைப்பட வேண்டியதுதான்.

இனி அந்த இங்க் ஃபில்லருக்கு வருவோம். பச்சோந்திக்கு மூச்சுக்குழாயின் வாசல் வாயின் தரையில், நாக்கின் அடியை ஒட்டியே இருக்கிறது. திறந்த வாய்க்குள் தண்ணீரை ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போக எல்லா வாய்ப்பும் உண்டு. ஏற்கெனவே சளி தேங்கிய பையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் என்பது சின்ன விஷயமில்லை. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் இலைகளை நனைத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும்.

தைலம் வேண்டவே வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எரியும் அறையும் கூடாது. மனிதர்களுக்கான சளி மருந்து, காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துத் தருவது அதைவிட ஆபத்து. அதற்குப் பின்னால் ஒரு சுவையான ஆராய்ச்சி இருக்கிறது.

ஊர்வன வகைகளுக்கு உடம்புச் சூட்டைத் தானாக ஏற்றிக்கொள்ளத் தெரியாது. அப்படியானால் நோய் வந்தால் காய்ச்சல் எப்படி வரும்? 1970-களில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ க்ளூகரும் அவரது குழுவினரும் பாலைவன இக்வானா என்ற பல்லியினத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். பாக்டீரியா செலுத்தப்பட்ட பல்லிகள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தன. அதாவது, காய்ச்சலை வெளியே போய் வாங்கி வந்தன! 1975-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த அவர்களது கட்டுரை அடுத்த படிக்குப் போனது. நோய்த்தொற்று உண்டாக்கிய பல்லிகளை 34 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். சூடான அறையில் இருந்தவை அதிகம் பிழைத்தன. குளிர்ச்சியான பக்கத்தில் இருந்தவை அதிகம் செத்தன. பின்னர் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மருந்து கொடுத்தபோது, அதனால் காய்ச்சல் வராமல் போனவை பிழைக்கவில்லை.

பாலைவன இக்வானாவுக்குப் பொருந்தும் 42 டிகிரி பச்சோந்திக்குப் பொருந்தாது, அவ்வளவு சூடு அதைக் கொன்றுவிடும். ஆனால் விஷயம் ஒன்றுதான். சூடு தேடிப் போக வழியிருந்தால் பாதி வைத்தியத்தை அது தானே செய்துகொள்ளும். மழை ஓய்ந்த காலையில் முருங்கை உச்சியில் பச்சோந்தி என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? உடம்பைத் தட்டையாக்கி, வெயில் படும் பக்கத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கறுப்புத் தோல் வேகமாகச் சூடேறும். மார்கழிப் பனியிலும் அது தாக்குப்பிடிப்பது இப்படித்தான். கட்டிலுக்கு அடியில், சில்லென்ற தரையில், அட்டைப் பெட்டிக்குள் இருந்தால் எந்த வெயிலைத் தேடிப் போகும்?

நெய்வேலிக்காரர்களுக்கு இந்தப் பிராணி புதிதல்ல. 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த பிறகு உருவான ஊர் இது. வீட்டைச் சுற்றித் தோட்டம், தெருவெல்லாம் மரம், சுரங்க மண்மேட்டிலும் மரம். ஊரைத் தாண்டினால் முந்திரிக்காடு, பலாத்தோப்பு. வறண்ட காட்டிலும் புதரிலும் வாழப் பழகிய இந்தியப் பச்சோந்திக்கு இதெல்லாம் தோதான இடம்தான். இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனம் அதுதான். விஷம் கிடையாது. கடித்தாலும் கிள்ளியது போல இருக்கும், அவ்வளவுதான். அரசியல்வாதிகளைத் திட்ட அதன் பெயரைப் பயன்படுத்துவதுதான் அதற்கு நாம் செய்யும் பெரிய அநியாயம். நிறம் மாற்றுவது ஏமாற்றுவதற்காக அல்ல. பெரும்பாலும் குளிருக்கும் கோபத்துக்கும் பயத்துக்கும்தான்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் இந்தியப் பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதே வேட்டையாடுவதாகக் கணக்கு. ஆசையாக வளர்த்தேன் என்று சொன்னாலும் குற்றம் குற்றம்தான், சிறைத்தண்டனை வரை போகலாம். வன உயிரினம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ வனத்துறை அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். அந்த நாலு நாள் அட்டைப்பெட்டி வாசத்தைச் சட்டமும் ஒத்துக்கொள்ளாது, நுரையீரலும் ஒத்துக்கொள்ளாது.

எனவே, கிளையோடு விழுந்த பச்சோந்தி நன்றாகக் கண்ணை உருட்டிக்கொண்டு, காலால் இறுக்கிப் பிடிக்கிறது என்றால் வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஒரு குச்சியை நீட்டினால் ஏறிக்கொள்ளும். பக்கத்து மரத்தில் விட்டுவிடலாம். மூச்சு வாங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அட்டைப் பெட்டியைவிடக் காற்றோட்டமான வலைக்கூடையோ பழைய பறவைக் கூண்டோ நல்லது. உள்ளே சாய்வாக ஒரு கிளை வையுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் கூண்டுக்கு வெளியே ஒரு குண்டு பல்பு. அந்த ஓரம் 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும், மறு ஓரம் அறைச்சூட்டிலேயே இருக்கட்டும். எது வேண்டுமோ அதை அது தேர்ந்தெடுக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும். குழந்தைகள் சுற்றி நின்று எட்டிப் பார்க்காமல் இருந்தால் அதுவே பெரிய மருந்து.

வெளிநாட்டுப் பச்சோந்தி வளர்ப்பவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். ஏமனைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தி, மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தி ஆகியவை உலகெங்கும் செல்லப்பிராணியாக விற்பவை. பச்சோந்திகள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத பிராணியை வைத்திருப்பவர் மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் போகும் நாட்கள்தான் உயிரை எடுப்பவை.

இவற்றுக்கு ஏன் சளி வருகிறது? கண்ணாடித் தொட்டியில் காற்று தேங்கும். ஈரம் காயாமலே இருக்கும். ஏ.சி. அறையில் சூடு போதாது. ஒரே வகைப் பூச்சியையே தினமும் போட்டால் வைட்டமின் ஏ குறைந்து, மூச்சுப்பாதையின் உட்தோல் தடித்துக் கெட்டுப்போகும். கண் இமை வீங்குவதும் அந்தக் குறையின் அடையாளம். அப்புறம் சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே நுழைய யாரைக் கேட்க வேண்டும்?

மருத்துவர் முதலில் எடை பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார். முடிந்தால் மூச்சுக்குழாயிலிருந்து சளியை எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று ஆய்வகத்தில் சோதிப்பார். ஊசி போடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஊர்வனவற்றின் பின்பாதி ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடியது. அதனால் முன்னங்காலில் போடுவதே வழக்கம். செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக்கை மூன்று நாளுக்கு ஒருமுறை போட்டாலே போதும், அவ்வளவு மெதுவாகத்தான் அந்த உடம்பு மருந்தைச் செலவழிக்கும். என்ரோஃப்ளாக்சசின் இன்னொரு வழக்கமான மருந்து. ஊசியாகப் போட்ட இடத்தில் தசையைப் புண்ணாக்கும் குணம் அதற்கு உண்டு. மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசரும் கைகொடுக்கும்.

இதெல்லாம் வாரக்கணக்கில் நடக்கும் வேலை. நாலாம் நாள் வாயை மூடிவிட்டது என்று மருந்தை நிறுத்தினால், மிச்சமிருந்த கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு திரும்ப வரும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது, மாத்திரை அட்டையைவிட நம்பகமான தகவல்.

ஊர்ப்பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும் நாயும்தான் அதிகம் வரும். அங்குள்ள மருத்துவர் "இது நமக்குப் பழக்கமில்லை, பெரிய இடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொன்னால் அது கைகழுவுதல் அல்ல, நேர்மை. நெய்வேலியிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அதைவிடப் பக்கத்தில், புதுச்சேரி குரும்பாபேட்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. புறப்படும் முன் போன் செய்து, ஊர்வன பார்ப்பவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

வனத்துறையிடம் ஒப்படைக்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "எங்க கிடைச்சுது?" என்பதாக இருக்கும். குணமான பிறகு அதே இடத்துக்குப் பக்கத்தில் விடுவதற்காகத்தான். ஆகவே எந்த வட்டம், எந்தத் தெரு, எந்த மரம் என்று பையனை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முருங்கை முறிந்துபோயிருந்தால், அதற்கு அடுத்து நிற்கும் கொய்யாவையும் குறித்துக்கொள்ளட்டும்.