மயக்க மருந்துத் தாதியாக வேண்டுமா?

தோட்டத்துத் தாய்மார்களே! எஸ்.பி.எம். முடித்த மகள், "அறுவைச் சிகிச்சை அறையில் மயக்க மருந்துத் தாதியாவேன்" என்கிறாளா? நல்ல ஆசைதான். ஆனால் நகையை அடகு வைக்குமுன் இதைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் தாதியரே மயக்க மருந்து கொடுக்கிறார்கள். அதற்கு அங்கே முனைவர் பட்டநிலைப் படிப்பு வேண்டும். நம் நாட்டில் கொடுப்பவர் டாக்டர். தாதி அவருக்குத் துணை. முதற்படி 3 ஆண்டு தாதியர் டிப்ளோமா. பிறகு வார்டு அனுபவம். அதன் மேல்தான் சிறப்புப் பயிற்சி. 'நேராகச் சேர்த்துவிடுகிறோம்' என்பவரிடம் பணத்தை நீட்டாதீர்கள்.

கல்லூரியில் 3 கேள்வி கேளுங்கள். மலேசியத் தாதியர் வாரியம் ஏற்ற படிப்பா? பயிற்சி எந்த மருத்துவமனையில்? வாரியத் தேர்வில் சென்ற ஆண்டு எத்தனை பேர் தேறினார்கள்?

ஜொகூர் பாருவிலேயே சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. முதலில் அதற்கு முயலுங்கள். ஏணியில் படிப்படியாகத்தான் ஏற வேண்டும், அம்மா!