ஆவி பறக்கும் குழம்பு

தொலைக்காட்சியில் சாம்பார்ப் பொடி விளம்பரம் வந்தாலே தட்டிலிருந்து ஆவி பறக்கும். விளக்குச் சூட்டில் மணிக்கணக்கில் காய்ந்து கிடந்த சோற்றுக்கு அத்தனை ஆவி ஏது? நனைத்துச் சூடாக்கிய பஞ்சைத் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. பழத்தின் மேல் மினுங்கும் பனித்துளி கிளிசரின். உருகாத ஐஸ்கிரீம் சில சமயம் உருளைக்கிழங்கு மசியல். அதெல்லாம் போகட்டும், கூத்தென்றால் அரிதாரம் இருக்கத்தான் செய்யும். எனக்கு உறுத்துவது விளம்பரத்தில் வரும் அந்த அம்மாதான். புடவை கசங்காமல் பரிமாறிக்கொண்டே இருக்கிறார். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. மொத்தப் படத்திலும் நிஜம் அது ஒன்றுதான் என்பது வேறு கதை. எங்கள் வீட்டிலும் அம்மா கடைசியில்தான் உட்காருவார். கறி வறுத்த இரும்புச் சட்டியில் இரண்டு கை சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒட்டிய மசாலாவைச் சுரண்டிப் பிரட்டுவார். கருகலும் எண்ணெயுமாக, பார்க்க அழுக்கு நிறம். எந்தக் கேமராவும் அதை அழகாகக் காட்டிவிட முடியாது. வாசனை வந்ததும், கை கழுவிவிட்டுப் போன நாங்கள் மூவரும் திரும்பி வந்து சட்டியைச் சுற்றி உட்காருவோம். ஆளுக்கொரு உருண்டை, பிறகு இன்னொன்று. சட்டி காலியானதும் அம்மா ரசத்தை எடுத்துத் தன் தட்டில் ஊற்றிக்கொள்வார்.