பைத்தானுக்குத் தனிக்குடித்தனம் எதற்கு?

பைத்தான் படிக்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அலுத்துக்கொள்கிறார்கள். இருபது வரி நிரல் எழுத எதற்கு இந்த விர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று. கேள்வி நியாயம்தான். ஆனாலும் வேண்டும் என்பதே என் கட்சி.

ஒரு பைத்தான் நிறுவலுக்குள் ஒரு தொகுப்பின் ஒரே ஒரு பதிப்புதான் குடியிருக்க முடியும். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, பழைய 1 வரிசையை வைத்து உருவாக்கிய பல தொகுப்புகள் அதோடு ஓட மறுத்தன. புது வேலைக்காக நம்பையை ஏற்றினால், அதுவரை சமர்த்தாக ஓடிய பழைய நிரல் படுத்துவிடும். இரண்டையும் தனிக்குடித்தனம் வைத்துவிட்டால் சண்டை இல்லை.

லினக்ஸில் விபரீதம் இன்னும் அதிகம். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் சிலவே பைத்தானில் எழுதப்பட்டவை. 'சூடோ' போட்டு பிப் வழியாக நாம் எதையாவது மாற்றினால் அடி அவற்றுக்கு. அதனால்தான் 2023இல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 முதல், கணினியின் பைத்தானுக்குள் பிப் எதையும் நேரடியாக நிறுவ மறுக்கிறது. உடனே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற தெரிவைச் சேர்த்தால் வேலை முடியும் என்று சொல்ல ஒருவர் வருவார். உடைப்பேன் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது, ஐயா!

தொண்ணூறுகளில் விண்டோஸில் குப்பை கொட்டியவர்களுக்கு இது பழைய கதை. ஒரு மென்பொருளை நிறுவுவோம், அது பொதுவான டிஎல்எல் கோப்பை மாற்றி வைக்கும், வேறொன்று திறக்காது.

என் குறை பைத்தான் மீதுதான். நோடில் என்பிஎம் கேட்காமலே ஒவ்வொரு திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே தொகுப்புகளை வைக்கிறது. பைத்தானில் 2012இல் வந்த 3.3 பதிப்பு முதல் வென்வ் இருந்தும், நாமேதான் உருவாக்க வேண்டும். டெபியனில் அந்த வென்வுக்கே தனியாக ஒரு தொகுப்பு போட வேண்டும், கேட்டீர்களா!

பைத்தானோடு வரும் நூலகங்களே போதுமென்றால் இதெல்லாம் வேண்டாம். மற்றபடி, அந்தக் கோப்புறையைப் பொக்கிஷமாகக் காக்காதீர்கள். அதற்குள் முழுப் பாதைகள் பதிந்திருப்பதால் வேறு கணினிக்குத் தூக்கிப்போனால் ஓடாது. பிப் ஃப்ரீஸ் தரும் பதிப்புப் பட்டியலையும், எந்தப் பைத்தான் என்பதையும் நிரலோடு எழுதி வையுங்கள். நீங்கள் வேறு வேலைக்குப் போனபின் அந்த நாற்காலியில் உட்காருபவர், நீங்கள் வைத்திருந்த பதிப்பு எதுவென்று யாரிடம் போய்க் கேட்பார்?