பசைக்குப் பிடிபடாத தொட்டி!

அமெரிக்காவில் பலர் வீட்டையே மோட்டாரில் வைத்து ஓட்டுகிறார்கள். சமையல், படுக்கை, கக்கூசு எல்லாம் அதற்குள்ளேயே!

இந்த மோட்டார் வீட்டின் அடியில் பிளாஸ்டிக் தொட்டிகள் உண்டு. ஒன்றில் குளித்த தண்ணீர் சேரும். மற்றொன்றில் மலம் சேரும்.

வண்டிக்கு வயதானால் தொட்டி ஒழுகும். இதில் அதிசயம் இல்லை. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ பாரம்! அவ்வளவும் ரோட்டில் குலுங்குகிறது. குழாய் சேரும் இடத்தில் விரிசல் விடுகிறது.

உடனே கடைக்கு ஓடி, கிடைத்த பசையை வாங்கி அப்புகிறார்கள். அது உரிந்து விழுகிறது. பசை மீது குற்றம் இல்லை. தொட்டி எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்காததே குற்றம்.

ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக், அதற்குரிய பசையில் ஒட்டும். பாலிஎதிலீன் மெழுகு மாதிரி. சாதாரணப் பசை பிடிக்காது. அதே பிளாஸ்டிக்கைச் சூட்டில் உருக்கித்தான் அடைக்க வேண்டும். ஒரு சீவலைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மிதந்தால் பாலிஎதிலீன். மூழ்கினால் ஏ.பி.எஸ்.

விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டால் அது மேலும் நீளாது. சூடு காட்டுமுன் தொட்டியை நன்றாகக் கழுவி, காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். மலத்தொட்டியில் தீப்பற்றும் வாயு உண்டு!

சிறு விரிசலுக்குப் புதுத் தொட்டி வாங்குவது வீண் செலவு. அடியில் வாளியைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதோ அதைவிட மோசம். சொட்டுவது நோய்க் கிருமி. அந்த மண்ணில்தான் பக்கத்து வண்டிக் குழந்தைகள் விளையாடுகின்றன.