விதியல்ல, முடுக்காத போல்ட்!

“விதி முடிந்தது, போய்விட்டான்!” ஆலை விபத்தில் ஒருவன் மாண்டால், ஆறுதல் கூற வருவோர் முதலில் சொல்வது இதுதான். ஆலை முதலாளிக்கு இதைவிட இனிப்பான சொல் ஏது? விதியின்மீது வழக்குத் தொடர முடியாது. விதியிடம் நட்டஈடு கேட்க முடியாது!

2019-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள். நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரை அடுத்த சான்ட்விகாவில், கார்களுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை, அருகே சென்ற காரின் காற்றுப்பை அதிர்ச்சியில் விரிந்து இருவர் காயமுற்றனர். வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். கண்டது என்ன? விதியையா? இல்லை! உயர் அழுத்தக் கலத்தின் அடைப்பிலிருந்த போல்ட்டுகள் சரிவர முடுக்கப்படவில்லை. சிறு கசிவு பெருங்கசிவாயிற்று, பெருங்கசிவு வெடிப்பாயிற்று. அவ்வளவுதான்!

ஹைட்ரஜனே வேண்டாம் என்பதா நமது வாதம்? அல்ல, அல்லவே அல்ல! வயலுக்கு இடும் யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியா அதிலிருந்து பிறக்கிறது. டீசலிலிருந்து கந்தகத்தை நீக்குவது அது. எண்ணெயை வனஸ்பதியாக உறைய வைப்பது அது. அனல் மின் நிலையத்தின் பெரிய ஜெனரேட்டர்களைக் குளிர்விப்பதும் அதுவே. 2023-இல் இந்திய அரசு ஒப்புதல் தந்த பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி செய்வோம் என்கிறது. வரட்டும், வரவேற்போம்! ஆனால், வருகிற விருந்தாளியின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டாமா?

அதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் காஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். அதற்கென்றே வாடைப் பொருள் கலக்கிறார்கள். ஆலை ஹைட்ரஜனில் அந்த எச்சரிக்கை கிடையாது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே பற்றும். 75 பங்கு வரை பற்றும். பற்றவைக்கப் பெருநெருப்புத் தேவையில்லை. சட்டைத் துணி உரசி எழும், உடலுக்கே உறைக்காத பொறி போதும். எரியும்போதோ, பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது! அமெரிக்க ராக்கெட் கூடங்களில் அந்நாளில் தொழிலாளர்கள் துடைப்பத்தை முன்னே நீட்டியபடி நடந்தார்கள். துடைப்பம் பற்றினால், அங்கே நெருப்பு என்று பொருள்!

துடைப்பத்தின் காலம் போய்விட்டது, தோழர்களே! கசிவை உணர்ந்து மணியடிக்கும் கருவி இருக்கிறது. கண் காணாத சுடரைக் காணும் கருவி இருக்கிறது. குழாயிலிருந்து சீறும் நுண்ணொலியைக் கேட்கும் கருவியும் இருக்கிறது. இணைப்பில் தடவினால் குமிழியிட்டுக் காட்டும் சோப்புத் தண்ணீர்கூட இருக்கிறது! இல்லாதது எது? செலவழிக்க மனம்!

கருவி வாங்கினால் மட்டும் போதாது. இடமறிந்து வைக்க வேண்டும். சமையல் காஸ் கனமானது, தரையில் தங்கும். ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது, கூரைக்கு ஏறும். காலடியில் கருவியை வைத்துவிட்டுக் கூரையைக் காற்றுப் புகாமல் மூடிவைப்பது காவலா, கண்துடைப்பா?

2007 ஜனவரி 8-ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அனல் மின் நிலையம் ஒன்றில் ஹைட்ரஜன் இறக்கும்போது, அழுத்தம் மிகுந்தால் மட்டுமே உடைய வேண்டிய பாதுகாப்புத் தகடு முன்கூட்டியே உடைந்தது. வாயு வெளியேறி வெடித்தது. மாண்டவர் லாரி ஓட்டி வந்தவர்; காயமுற்றோர் பத்துப் பேர். அந்தத் தகட்டின் உறுதியைச் சோதிப்பது ஓட்டுநரின் பொறுப்பா? அதற்கான விலையைத் தந்தவர் மட்டும் அவர்!

எனவே கேட்கிறோம்: ஹைட்ரஜன் புழங்கும் ஒவ்வோர் ஆலையிலும் கசிவுக் கருவி இருக்கிறதா? கடைசியாக அதைச் சோதித்தது என்று? சோதனை ஏட்டைத் தொழிலாளி பார்க்கலாமா? ஒப்பந்தக் கூலிக்கும் பயிற்சி உண்டா? மணி அடித்தால் வேலையை நிறுத்தும் உரிமை அவனுக்கு உண்டா, அல்லது நிறுத்தியதற்காகச் சம்பளம் பிடிபடுமா?

இவற்றுக்கு விடை தராதவர்கள், நாளை சவப்பெட்டியின் அருகே நின்று விதியைப் பற்றிப் பேச வேண்டாம். போல்ட்டை முடுக்கச் சொல்லுங்கள். விதி தானே விலகி நிற்கும்!