பிளவுஸ் தையலுக்குக் கூலி உண்டு, பொம்மை வீரனுக்குக் கிடையாதா?

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் ஒரு கணக்கும் வரும். டீச்சர் பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மகன் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் இருக்கிறான் என்பது உறவுகளுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் ஒரு கடையில் வேலை. மற்ற நாட்களில் போர் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஆர்டர் எடுத்து வண்ணம் தீட்டிக் கொடுக்கிறான். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி வந்த கேலிகளை நானும் படித்தேன். "பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கவா ஃபாரின் போனான்?" என்று ஒருவர். "எங்க மேனேஜர் பையனுக்கு நாலு பொம்மை சும்மா அடிச்சுக் கொடுப்பா" என்று இன்னொருவர். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் வீடியோவில் அவன் வேலை செய்வதைப் பார்த்து வருகிறேன்.

மேஜைமேல் சின்னச் சின்னப் பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி விளையாடும் விளையாட்டு இது. இங்கிலாந்தில் இதற்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. ஹெச். ஜி. வெல்ஸ் என்ற பெரிய எழுத்தாளர் 1913லேயே பொம்மை வீரர்களை வைத்து விளையாட விதிகள் எழுதிப் புத்தகமாகப் போட்டார். இன்று அதிகம் பேர் விளையாடுவது 1983ல் வந்த வார்ஹாமரும், 1987ல் வந்த வார்ஹாமர் 40,000மும். அவற்றை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகம் நாட்டிங்காமில்தான். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்கள் பட்டியலில் அது இடம்பிடித்தது. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நாம் சிரிப்பதை அந்த ஊர் தொழிலாக நடத்துகிறது.

அந்தப் பொம்மைகள் பெரும்பாலும் நம் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. நம் கொலு பொம்மை மாதிரி வண்ணத்தோடும் வராது. பிளாஸ்டிக் சட்டத்தில் கை தனி, தலை தனி, துப்பாக்கி தனியாக ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, அச்சின் கோடு தெரியாமல் சுரண்டி, பசை போட்டு ஒட்ட வேண்டும். பிறகு பிரைமர், அடிவண்ணம். அதன்மேல் நீர்த்த கருவண்ணத்தை ஓடவிட்டால் மடிப்புகளில் போய்த் தங்கி நிழல் மாதிரி தெரியும். மேடான இடங்களுக்கு வெளிர் வண்ணம். கண்ணுக்கு ஒரு புள்ளி. நிற்கும் தட்டில் மணலும் புல்லும் ஒட்டி, கடைசியாக வார்னிஷ். இது ஒரு வீரனுக்கு. ஒரு படை என்றால் ஐம்பது, அறுபது பேர்.

"வாங்கியவனே தீட்டிக்கொள்ளக் கூடாதா?" என்று தம்பி கேட்டான். தீட்டலாம், பலர் அதற்காகவே வாங்குகிறார்கள். ஆனால் சிலருக்கு நேரம் இல்லை, சிலருக்குக் கை நடுங்குகிறது. வண்ணம் தீட்டாத படையோடு ஆடுவதில் நஷ்டமும் உண்டு. வார்ஹாமர் 40,000க்கு 2020ல் வந்த விதிகளின்படி, மொத்தம் 100 புள்ளிகளில் 10 புள்ளி முழுப் படைக்கும் வண்ணம் தீட்டியிருந்தால்தான் கிடைக்கும். ஆக, ஆர்டர் கொடுக்கிறவனுக்கு ஒரு தேவை இருக்கிறது. துணியை நாம் வாங்கித் தையல்காரரிடம் கொடுப்பதில்லையா, அதே மாதிரிதான்.

இனி கணக்குக்கு வருவோம். அவன் சென்ற மாதம் 60 வீரர்களைத் தீட்டிக் கொடுத்தான். ஒன்றுக்கு 6 பவுண்ட், மொத்தம் 360. வேலை நேரத்தை நோட்டில் எழுதி வை என்று சொல்லியிருந்தேன். வெட்டி ஒட்ட 15 மணி. பிரைமர் 2 மணி. வண்ணம் தீட்ட 65 மணி. அடித்தட்டும் வார்னிஷும் 5 மணி. படம் எடுத்து அனுப்ப, பேச, பார்சல் கட்ட 3 மணி. கூட்டினால் 90 மணி நேரம். வண்ணம், பிரஷ், தபால் என்று செலவு 45 பவுண்ட். கையில் நின்றது 315. மணிக்கு மூன்றரை பவுண்ட்.

அந்த நாட்டில் 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்த தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. சொந்தமாக ஆர்டர் எடுப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவன் கூலியை அவனேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

என் கருத்து இதுதான்: இந்த வேலையில் குறை இல்லை, விலை வைக்கும் முறையில்தான் குறை. பொம்மைக்கு இவ்வளவு என்று எண்ணி விலை சொல்லும்போது நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. என் மாணவர்களில் பனியன் கம்பெனிக்குப் போனவர்களுக்கு 'பீஸ் ரேட்' என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

பொம்மை வீரர்களின் பழைய கதையும் அதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம் தகரப் பொம்மை வீரர்களுக்குப் பெயர் பெற்றது. வண்ணம் தீட்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்கிய பெண்களும் பிள்ளைகளும். 1839ல் தொடங்கிய ஹைன்ரிக்சன் நிறுவனத்தின் பெயர் இன்றும் சேகரிப்பவர்கள் வாயில் இருக்கிறது. லண்டனில் 1893 முதல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்த்த பிரிட்டன் நிறுவனத்திலும் பெண்கள் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? முதலாளி பெயர் நின்றது, தீட்டிய கை மறைந்தது.

இலங்கையிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இதே வேலை செய்யும் கூடங்கள் உள்ளன. செலவு குறைந்த ஊரோடு நாட்டிங்காமில் வாடகை கொடுப்பவன் விலையில் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம். வாடிக்கையாளரை நேரில் பார்த்துப் பேசுவது, உடைந்ததை ஒட்டித் தருவது, பழைய படைக்குப் பொருத்தமாகப் புதிய வீரனைத் தீட்டுவது, இவை பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் எளிது.

ஆகவே அவனுக்கு நான் சொன்னவை: மணிக்கணக்கில் விலை வை. இப்போது எடுக்கும் நேரத்துக்கு 12.21 பவுண்ட் வீதம் போட்டால், செலவும் சேர்ந்து ஒரு வீரனுக்கு 19 பவுண்ட் வருகிறது. எல்லோராலும் அது கொடுக்க முடியாது என்பது உண்மை. அப்படியானால் வேலையைக் குறை, கூலியைக் குறைக்காதே. ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தரும் வண்ணங்கள் 2019 முதல் கிடைக்கின்றன என்று நீதானே காட்டினாய். தீட்டும் நேரத்தை அரை மணியாக்கினால் 12 பவுண்டுக்குக் கட்டுப்படியாகும். கையெட்டும் தூரத்தில் பார்க்க அழகாக இருக்கும் தரம் ஒரு விலை, அலமாரியில் வைத்து உற்றுப் பார்க்கும் தரம் வேறு விலை. முதலில் ஒரே ஒரு வீரனைத் தீட்டிப் படம் அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கு. பாதிப் பணம் முன்பணம். (எல்லாம் முடிந்தபிறகு "நிறம் மாற்று" என்று ஒருவர் சொல்லி, மூன்று நாள் உழைப்பு வீணானது.) நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நட. பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்காதே.

முழுநேரமும் இதை நம்பு என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. கண்ணும் கழுத்தும் எத்தனை வருஷம் ஒத்துழைக்கும் என்பதும் யோசிக்க வேண்டியது. கடை வேலையை அவன் விடாமல் இருப்பது நல்லதுதான்.

உறவுகளுக்கு ஒன்று. லைனிங் வைத்த பிளவுஸ் தைக்கத் துணி விலையைவிட அதிகமாகக் கூலி கொடுக்கிறோம், முணுமுணுத்தாலும் கொடுக்கிறோம். ஏன்? தையலின் அருமை நமக்குத் தெரியும். இந்த வேலையின் அருமை தெரியாததால் "சும்மா அடிச்சுக் கொடு" என்கிறோம். நாலு பொம்மை என்றால் ஆறு மணி நேரம். மேனேஜர் வீட்டுக்கு ஆறு மணி நேரம் சும்மா வேலை செய்ய நம்மில் யார் போவோம்?

தம்பி, உனக்கும் ஒன்று. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் லைன்ல இருக்கான்" என்று சொல்கிறாயாம். பிள்ளைக்கு அது தெரியும். என்னிடம் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. அடுத்த தடவை கேட்பவர்களிடம் அவன் செய்யும் வேலையையே சொல். விளக்கச் சொன்னால் இந்தப் பதிவைக் காட்டு.

ஆர்டரில் கைவேலை செய்யும் என் மாணவர்கள், எம்பிராய்டரி, கேக், ஓவியம் எதுவானாலும், இந்த வாரம் ஒரே ஒரு ஆர்டருக்கு நேரம் எழுதிப் பாருங்கள். மணிக்கு எவ்வளவு வந்தது என்று கீழே சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்