அணிகளும் மொழியும்: ஒரு விளையாட்டுப் புராணத்தை முன்வைத்து

இணைய விளையாட்டுகளின் கதையுலகை நம் காலத்துப் புராணம் என்று கூறிவிடுவது எளிது. அப்புராணம் பகைமையை எவ்வாறு கட்டி எழுப்புகிறது என்று ஆராய்வதே மொழியியல் மாணவர்க்கு உரிய பணி.

2004இல் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டக்காரர்களை அலையன்ஸ், ஹோர்ட் என்னும் இரண்டு அணிகளாகப் பிரித்தது. பிரிவினைக்கு அது கையாண்ட வலிய கருவி மொழியே. எதிரணியினர் எழுதுவதைக் கணினி சிதைத்துக் காட்டும். ஹோர்ட் அணியினர் ‘லோல்’ என்று சிரித்தால், அலையன்ஸ் அணியினர் கண்ணில் அது ‘கெக்’ என்று விழும்.

இவ்வணிகள் கைகோக்கும் தருணங்களும் கதையில் உண்டு. உலகையே அழிக்கவல்ல அண்டப் பேராற்றல் ஒன்று படையெடுக்கும்போது பகை ஒத்திவைக்கப்படும். ஆபத்து நீங்கியதும் மீண்டும் மூளும். 2012இல் வந்த ‘மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா’ இதனைச் சற்றே மாற்றிச் சிந்தித்தது. அதில் வரும் ‘ஷா’ என்னும் தீய ஆற்றல் சினம், அச்சம், வெறுப்பு ஆகியவற்றின் உருவம். இரு அணியினரும் கொண்டுவந்த போரே அதனைத் தட்டி எழுப்புகிறது.

கதை இவ்வளவு தெளிவாக உரைத்தும் ஆட்டத்தின் விதி செவிசாய்க்கவில்லை. அதே தொகுதியில் அறிமுகமான பண்டாரென் இனத்தவர் எவ்வணியையும் சாராமல் தொடங்குவர். தம் தீவைவிட்டு வெளியேறும்போது ஓரணியைத் தேர்ந்தே ஆகவேண்டும். அதன் பின்னர், ஒரே தாய்மொழி உடைய இருவர் எதிரெதிர் அணியில் நின்றால் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காது. மொழியியல் இதனை ஏற்காது. அரசியலுக்கோ இது பழகிய செயல்.

வண்டிப்பெரியாற்றை எண்ணிப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்து லயங்களில் தமிழ், அலுவலகங்களில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றிக் குமுளி எல்லை கொந்தளித்தபோது, எல்லையின் இருபுறமும் எழுந்த வினா ஒன்றே: நீ எந்தப் பக்கம்? அணைக்குக் கீழே ஆற்றோரம் வாழும் தமிழர்க்கு வெள்ளத்தைப் பற்றிய அச்சம் உண்டு. அந்த அணையின் நீரால் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் உறவினரும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்பவரிடம் ஒற்றைச் சொல் விடையைக் கேட்பது பண்டாரென் இனத்தவர்க்கு இடப்பட்ட கட்டளையைப் போன்றதே. விளையாட்டில் வீழ்ந்தவர் மீண்டும் எழுவர். எல்லையில் கடையையும் வேலையையும் இழந்தவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

2022இல் அந்த விளையாட்டு, இரு அணியினரும் ஒரே குழுவாக இணைந்து ஆட வழி திறந்தது. அதற்கெனப் புதிய அண்டப்பகை எதுவும் தேவைப்படவில்லை. விதி ஒன்று திருத்தப்பட்டது. பொது ஆபத்து வந்தால் மக்கள் தாமே ஒன்றுபடுவர் என்று காத்திருப்போர் கருதத்தக்க செய்தி இது. இருமொழி அறிந்தவரை ஐயத்தோடு நோக்காமல், இரு தரப்பும் முதலில் செவிமடுக்க வேண்டிய சாட்சியாக ஏற்கும் வழக்கம் எல்லைப்பகுதி அரசியலிலும் கல்வியிலும் வரவேண்டும்.